மறியலுக்கு எப்படிப் போகணும்?

கொழும்பில் இறங்கிய காலையில் ஒரு டீக்கடைக்காரரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்விக்காகத்தான் நான் கடல் தாண்டிப் போனதே. அது எப்படி என் வாயில் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் குன்னத்துக்குப் பக்கம். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பெரம்பலூரில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறேன். அம்மா வெங்காயக் கொட்டகையில் தாள் அறுக்கப் போவாள். அப்பா இல்லை. அண்ணன் செல்வராசு மட்டும் கொழும்பில் லப்பைக்குடிகாட்டு பாய் ஒருவரின் துணிக்கடையில் இருந்தான். கண்டிச்சீமையில் இருக்கிறான் என்று அம்மா சொல்லிக்கொள்வாள். கண்டிக்கும் கொழும்புக்கும் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் அந்தக் கடைக்காரப் பாய் வாடகைக் காரில் எங்கள் தெருவுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"உங்க மவன் மறியல்ல இருந்தப்ப காமாலை கண்டு மவுத்தாயிட்டாரும்மா. காரியமெல்லாம் நான் நின்னு செஞ்சேன். அல்லா உங்களுக்குப் பொறுமையைக் குடுக்கணும்."

அம்மா கீழே விழுந்தாள். தெரு கூடிவிட்டது. பாயிடம் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் நிதானத்துக்கு வருவதற்குள் அவர் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார்.

மறியல் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறிப்பது. தண்ணீர் வரவில்லை என்றால் மறியல், கரண்ட் வரவில்லை என்றால் மறியல். அண்ணன் சிலோனில் போய்த் தமிழருக்காக மறியல் செய்து செத்திருக்கிறான் என்று முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர் கட்சிக் கிளைச் செயலாளர் தங்கவேலு. சாயங்காலத்துக்குள் அண்ணன் தியாகி ஆகிவிட்டான். பஸ் நிற்கும் இடத்தில் அவன் பேரில் கொடிக்கம்பம் என்று முடிவானது.

அம்மா அதுவரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. "உம்மவன் தியாகிம்மா" என்று தங்கவேலு வந்து சொன்ன பிறகு எழுந்து உட்கார்ந்து கொஞ்சம் கஞ்சி குடித்தாள். அந்தக் கஞ்சியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வார்த்தைதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது.

"கொடிக்கம்பத்துக்கு அடியில போட மறியல் நடந்த எடத்து மண்ணு வேணும் தம்பி" என்றார் தங்கவேலு. "ஒரு கை அள்ளிட்டு வா. மத்ததைக் கட்சி பாத்துக்கும்." அம்மாவும் போகச் சொன்னாள். பாஸ்போர்ட்டுக்கு அலைந்தது, டிக்கெட் எடுத்தது எல்லாம் ஒரு கதை. அதை விடுகிறேன்.

அரியலூரில் ரயில் ஏறினேன். எதிர்ச் சீட்டில் பெரிய மீசையோடு ஒருவர் தகரப் பெட்டியைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியில் கோவிந்தசாமி, ஏட்டு, ஓய்வு என்று பெயின்டில் எழுதியிருந்தது. அரியலூர்க்காரர். அவர் தங்கையைக் கொழும்பில் கட்டிக் கொடுத்திருக்கிறாராம். மாப்பிள்ளை சண்முகம் அங்கே கோர்ட்டில் மொழிபெயர்க்கிற உத்தியோகம். சிலோனுக்கு ஏட்டும் இப்போதுதான் முதல் தடவை போகிறார்.

"தங்கச்சியைப் பாக்கப் போறீங்களா ஏட்டய்யா?"

"தங்கச்சியைப் பாக்கறது ஒரு பக்கம். மாப்பிள்ளைகிட்ட ஒரு வழக்கு பாக்கி இருக்கு. வெள்ளைக்காரன் போனப்புறம் எந்த நாட்டுல திருட்டு ஜாஸ்தின்னு. அவன் ஒவ்வொரு தடவையும் நம்மூருக்கு வந்து உங்க நாடுதான் உங்க நாடுதான்னுட்டுப் போறான். இந்தத் தடவை நேர்ல பாத்து முடிச்சிட்டு வந்துடறது."

அவர் வெள்ளைக்காரன் காலத்தில் போலீசில் சேர்ந்து நம் காலத்தில் ரிட்டயர் ஆனவர். ரெண்டு காலத்துத் திருடர்களையும் ஒரே கையால் அடித்திருக்கிறார்.

"அப்ப ஆடு திருடுறவன் ஆட்டைத் திருடிட்டு ஓடுவான். இப்ப ஆட்டைத் தின்னுட்டு, ஆட்டைக் காணோம்னு அவனே ஸ்டேஷனுக்கு வந்து கம்ப்ளெயிண்ட் குடுக்கறான். இதுக்குப் பேரு வளர்ச்சியா வீழ்ச்சியா, நீயே சொல்லு."

நான் பதிலுக்கு என் விஷயத்தைச் சொன்னேன். மறியல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் எத்தனை மறியலைக் கலைச்சிருப்பேன். அங்கல்லாம் லத்தியை எந்தக் கையால புடிக்கிறான்னு பாக்கணும்" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, பெட்டியைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்து என் கையில் வைத்தார்.

ராமேஸ்வரத்தில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தேன். எங்கள் பக்கம் மானாவாரிக் காடு. சித்திரையில் கிணற்றுக்குள் இறங்கி அடியில் நின்று பேசினால் மேலே எதிரொலி கேட்கும். அங்கே இருந்து வந்தவனுக்கு இவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் இருப்பது அநியாயமாகத் தெரிந்தது. இதை அண்ணனிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்போது நான் போட்டிருந்தது அவன் சட்டை.

கப்பலில் பாதிப் பேர் வியாபாரிகள். போகும்போது மெலிந்து போய், வரும்போது நைலான் புடவையை உடம்பில் சுற்றிக்கொண்டு குண்டாக வருவார்களாம். ஏட்டு அவர்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். ரிட்டயர் ஆனாலும் கண் ரிட்டயர் ஆகவில்லை. கரை மறைந்ததும் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். வாந்திக்கும் வாந்திக்கும் நடுவில், "இது எந்த நாட்டுக் கடல்?" என்று ஒரு வியாபாரியைக் கேட்டார்.

"நடுவுல வந்துட்டோம் ஐயா. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி."

"அப்ப சரி" என்று மறுபடியும் குனிந்தார்.

தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கினால் ரயில் தயாராக நிற்கிறது. ஏட்டு புதுச் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்தார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக அரியலூரில் தைத்தது. திருடர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே தூங்கிப் போனார். விடிந்து பார்த்தால் செருப்பு இல்லை.

பெட்டியில் இருந்தவர்கள் போலீசில் சொல்லச் சொன்னார்கள். ஏட்டு யோசித்தார். "சொல்லலாம். ஆனா இது எந்த நாட்டுக் கணக்குல சேரும்? செருப்பு இந்தியாச் செருப்பு. ரயில் அவங்க ரயில். எடுத்தவன் யாருன்னு தெரியல. கப்பல்ல இருந்து எறங்குன நம்மாளாக்கூட இருக்கலாம்." கொஞ்ச நேரம் கழித்து, "அடியில கைவிட்டு எடுத்திருக்கான், பெட்டி அசையல. இது நம்ம பக்கத்து வேலை மாதிரிதான் இருக்கு" என்றார். குரலில் ஒரு சின்னப் பெருமை. புகார் கொடுக்காமலே வெறுங்காலோடு கொழும்பில் இறங்கினார்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடையில் நுழைந்தோம். ரொட்டிக்கு அங்கே பாண் என்று பேர். தேங்காய்ச் சம்பல் வைத்துக் கொடுத்தார்கள். சம்பல் நம் ஊர்த் துவையலை விடக் காரம், பாண் நம் ஊர் ரொட்டியை விடக் கனம். டீயில் பால் இல்லை. இவ்வளவு தேயிலை விளைகிற ஊரில் பாலுக்கு என்ன கேடு என்று ஏட்டு கேட்டார். கடைக்காரர் நல்லவர், சிரித்துக்கொண்டார். தமிழர்தான். அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, இங்க மறியலுக்கு எப்படிப் போகணும்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மறியலுக்கோ? அதுக்கு நீர் ஏதும் களவெடுக்க வேணும் தம்பி. எடுத்தால் அவையளே வந்து கூட்டிக்கொண்டு போவினம். பஸ்ஸுக்கும் காசு வேண்டாம்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஏட்டும் புரியாமல் சிரித்தார். நான் விடவில்லை. "இல்லண்ணே, எங்க அண்ணன் அங்கதான் செத்துப்போனான். மண்ணு எடுக்கணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. கடைக்காரர் கையில் இருந்த கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்களிடம் காசு வாங்க மாட்டேன் என்றார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. மறியலுக்கு இந்த ஊரில் அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

சண்முகம் வீட்டுக்குப் போனதும் ஏட்டு இதைப் பெருமையாகச் சொன்னார். "உங்க ஊர்ல மறியல்காரன் குடும்பத்துக்கு டீ இனாம் போல, மாப்பிள்ளை." சண்முகம் ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லியே பழகியவர். என் கதையை முழுக்கக் கேட்டார். பிறகு, கோர்ட்டில் பேசுவது போல நிதானமாகச் சொன்னார்.

"தம்பி, இந்த நாட்டுல மறியல்னா ஜெயிலு."

வீட்டுக்குள் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அம்மா குடித்த கஞ்சி ஞாபகம் வந்தது. கொடிக்கம்பம் ஞாபகம் வந்தது. களவெடுக்க வேணும் என்று கடைக்காரர் சொன்னது திரும்பக் காதில் விழுந்தது. என் அண்ணன் என்ன திருடினான்?

"நாளைக்குக் கோர்ட்டுல விசாரிச்சுட்டு வரேன்" என்றார் சண்முகம். "சாப்பிடுங்க." இடியாப்பத்துக்குச் சொதி ஊற்றினார்கள். தேங்காய்ப் பாலில் மஞ்சள் போட்ட ஒரு குழம்பு. நல்ல ருசி. அந்த நேரத்தில் ருசி தெரிந்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

என்னைப் பேச வைக்கவோ என்னவோ, மச்சானும் மாப்பிள்ளையும் தங்கள் வழக்கை எடுத்தார்கள்.

"வெள்ளைக்காரன் போனப்புறம் எங்க ஊருல புதுசா வந்தது அரிசிக் கேஸு" என்றார் ஏட்டு. "தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து அரிசி கொண்டு வரக்கூடாதுன்னு சட்டம். ஒரு பொம்பளை வவுத்தைத் தள்ளிக்கிட்டு வந்தா. புள்ளத்தாச்சியாச்சேன்னு விட்டுட்டேன். பின்னால தெரியுது, அத்தனையும் அரிசி. அடுத்த வாரம் இன்னொருத்தி வந்தா. எடுடி அரிசியைன்னேன். அவ நெசமாவே புள்ளத்தாச்சி. அவ புருசன் என்னை அடிக்க வந்துட்டான்."

"இங்கேயும் அதே கூத்துதான் மச்சான். அரிசிக்குக் கேஸு, மிளகாய்க்குக் கேஸு. ஒரு மிளகாய் மூட்டைக்காரனுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். இந்த மிளகாய் உன்னுடையதான்னு நீதிபதி கேட்டார். இல்லைங்க, செடியோடதுன்னான். நான் அப்படியே சிங்களத்துல சொன்னேன். நீதிபதி என்னைத்தான் முறைச்சார்."

"அப்ப அரிசியில ரெண்டு நாடும் சமம்."

"சமம்."

மறுநாள் முழுக்க நான் வெளியே போகவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். மழை வந்தது, போனது, மறுபடி வந்தது. எங்கள் ஊரில் ஒரு வருஷத்துக்கு வருகிற மழையை அவர்கள் ஒரு மத்தியானத்தில் செலவு செய்துவிட்டார்கள். என் மனம் அண்ணனைத் திருடனாக்கிப் பார்த்தது. துணிக்கடைக் கல்லாவில் கை வைத்தானா? துணியை விற்றுவிட்டானா? சின்ன வயதில் பக்கத்துக் கொல்லையில் வெள்ளரிப் பிஞ்சு பறித்தவன்தான். ஆனால் அதைக் கொல்லைக்காரரிடமே கொண்டு போய் உப்பு கேட்டவன்.

சாயங்காலம் சண்முகம் நனைந்துகொண்டு வந்தார். "கள்ளத்தோணிக் கேஸு தம்பி" என்றார்.

ஏட்டு எழுந்தே விட்டார். "தோணியையா? முழுத் தோணியையுமா? குன்னத்துக்காரன் தோணியைத் திருடிட்டு எங்கடா கொண்டு போய் வச்சான்?"

"அண்ணனுக்கு நீச்சல் தெரியாது சார்" என்றேன். "அவன் தோணியைப் படத்துலதான் பாத்திருப்பான்."

சண்முகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தோணியைத் திருடலப்பா. பேப்பர் இல்லாம இந்த ஊர்ல இருக்கிற இந்தியாக்காரனுக்கு இங்க அதுதான் பேரு. கப்பல்ல வந்தாலும் கள்ளத்தோணி, விமானத்துல வந்தாலும் கள்ளத்தோணி. உங்க அண்ணன் ஒழுங்காத்தான் வந்திருக்கார். இருக்கறதுக்குக் குடுத்த தவணை முடிஞ்சும் போகல. அடுத்த மாசம் போறேன், அடுத்த மாசம் போறேன்னு இருந்திருக்கார். பிடிச்சு, ஊருக்குத் திருப்பி அனுப்பறதுக்காக உள்ள வச்சிருந்தாங்க. கப்பலுக்குக் காத்திருந்தப்பதான் காமாலை."

"வேற ஒண்ணும் திருடலயா சார்?"

"ஒண்ணும் இல்ல. வந்து இருந்ததுதான் குற்றம்."

எங்கள் தாத்தா கங்காணிக்குப் பின்னால் நடந்தே போய், தோணி ஏறித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அம்மா சொல்லியிருக்கிறாள். அப்போது யாரும் பேப்பர் கேட்கவில்லை. ஊர் ஊராக ஆள் அனுப்பி அழைத்துப் போனார்கள். தாத்தா மாரில் சளி கட்டித் திரும்பி வந்து செத்தார். அதே கடலைத்தான் அண்ணனும் தாண்டினான்.

ஏட்டு உட்கார்ந்தார். "வெள்ளைக்காரன் காலத்துல இது கேஸே கிடையாதே மாப்பிள்ளை. ரெண்டு பக்கமும் ஒரே ராசா. செக்‌ஷனுக்கு எங்க போறது?"

"இப்ப உண்டு."

"உங்க நாட்டுல."

"உங்க நாட்டுலயும்தான் மச்சான். இங்க இருந்து ஒருத்தன் பேப்பர் இல்லாம அரியலூர்ல வந்து எறங்குனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஏட்டு காலில் மாப்பிள்ளையின் பழைய ரப்பர் செருப்பு இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "புடிப்பேன்" என்றார்.

"அப்ப இதுலயும் சமம்."

அதற்குப் பிறகு அந்த வழக்கை ரெண்டு பேரும் எடுக்கவில்லை.

திருடவில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதை ஊரில் எப்படிச் சொல்வது? தோணி இல்லாத கள்ளத்தோணி, பஸ்ஸை மறிக்காத மறியல். அம்மாவிடம் எந்த வார்த்தையைச் சொன்னாலும் முதலில் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்திருக்கவே மாட்டாள்.

ஆனாலும் மண் வேண்டும். மறுநாள் சண்முகம் என்னைச் சிறைக்கு அழைத்துப் போனார். சுவர் உயரம். எங்கள் பக்கத்து மில் காம்பவுண்டு மாதிரி இருந்தது. வாசலில் அவர் யாரிடமோ பேசப் போனார். நான் சுவர் ஓரமாகக் குந்தி மண்ணைக் கிள்ளினேன். மழையில் இறுகிக் கிடந்தது, வரவில்லை. என் டவுசர் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும், தொழில் பழக்கம். அதை எடுத்துத் தோண்டினேன்.

பின்னால் இருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியது. காவலாளி. வாட்டசாட்டமான ஆள். ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு சிங்களத்தில் கத்தினார். சண்முகம் ஓடி வந்தார். ரெண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள். நடுநடுவே காவலாளி என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்றாரு சார்?"

"உள்ள இருந்து வெளிய தோண்டுறவனைப் பாத்திருக்காராம். வெளிய இருந்து உள்ள தோண்டுறவனை இப்பத்தான் பாக்கிறாராம்."

அப்புறம் சண்முகம் அண்ணன் பேரைச் சொன்னார். காவலாளிக்குப் பேர் பிடிபடவில்லை. காமாலை என்றதும் முகம் மாறியது. கையால் எதையோ உரிப்பது போலச் செய்து காட்டிக் கேட்டார்.

"வெங்காயக்காரனான்னு கேக்கறார்" என்றார் சண்முகம். "உங்க அண்ணன் உள்ள சமையல்கட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாராம். எவ்வளவு உரிச்சாலும் கண்ணுல தண்ணி வராதாம். அப்படி ஒரு ஆளை இவர் பாத்ததே இல்லையாம். மத்தவங்க எல்லாம் வேடிக்கை பாக்க வருவாங்களாம்."

காவலாளி என்னைச் சுவர் ஓரத்திலேயே நிற்க வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் தொப்பியை மல்லாத்திப் பிடித்திருந்தார். தொப்பி நிறைய மண். சமையல்கட்டுக்கு வெளியே எடுத்ததாம். நடுவில் ஒரு வெங்காயச் சருகு கிடந்தது. என் துண்டில் கொட்டிவிட்டு, தொப்பியை முழங்காலில் தட்டிப் போட்டுக்கொண்டார். ஸ்பேனரையும் திருப்பிக் கொடுத்தார்.

ஏட்டு தங்கை வீட்டில் தங்கிவிட்டார். நான் தனியாகத் திரும்பினேன். ராமேஸ்வரத்தில் சுங்கச் சோதனை. எனக்கு முன்னால் வியாபாரிகள் குண்டு குண்டாக நின்றார்கள். என் மூட்டையை அவிழ்த்த அதிகாரி முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது?"

"மண்ணு சார்."

"மண்ணுக்குள்ள என்ன?"

"மண்ணுதான் சார்."

அவர் விரலால் கிளறினார். தங்கம் இருக்கும் என்று முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு கிளறினார். வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. நைலான் புடவை சுற்றிய ஒருவர், "புது ஐட்டமா இருக்கே, யாரு வாங்குறா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"வெளிநாட்டு மண்ணு உள்ள வரக்கூடாதுப்பா" என்றார் அதிகாரி. "பூச்சி கீச்சி இருக்கும். மண்ணுக்குப் பேப்பர் வச்சிருக்கியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று தெரியாது. பாய் வந்து வாசலில் நின்ற நாளில் இருந்து எனக்கு அழுகையே வரவில்லை. இப்போது அத்தனை வியாபாரிகளுக்கு முன்னால் வந்தது.

அதிகாரி என்னை ஒதுக்கமாக உட்கார வைத்துக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மறியல், கள்ளத்தோணி, வெங்காயம், தொப்பி. அவர் தாடையைச் சொறிந்தார். பிறகு துண்டோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே போய், தரையில் கொட்டினார்.

"கொட்டியாச்சு. சட்டப்படி முடிஞ்சுது" என்றார். நான் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போகாமல் நின்றார். "என்னப்பா பாக்குற? கீழ விழுந்துட்டா அது இந்திய மண்ணுதானே. இந்திய மண்ணை நீ அள்ளிக்கிட்டுப் போனா நான் என்ன சொல்ல முடியும்? சீக்கிரம் அள்ளு, கோழி வருது."

அள்ளினேன். ராமேஸ்வரத்து மணலும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. வெங்காயச் சருகு காற்றில் போய்விட்டது.

அரியலூர் ஸ்டேஷனுக்குத் தங்கவேலு மாலையோடு வந்திருந்தார். மாலை எனக்கா மண்ணுக்கா என்று அவருக்கே குழப்பம். கடைசியில் என் கழுத்தில் போட்டார். வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, மறியல்னா அங்க ஜெயிலுண்ணே. அண்ணன் ஜெயில்லதான் செத்தான்."

நின்றார். நான் கொடிக்கம்பம் போயிற்று என்று நினைத்தேன்.

"ஜெயிலா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சே" என்றார். "ரோட்டுல யாரு வேணா உக்காந்துடலாம் தம்பி. சிறை சென்ற செம்மல்னு நோட்டீசை மாத்திடுவோம்."

"என்ன கேஸுன்னு கேப்பாங்கல்ல?"

"வெள்ளைக்காரன் காலத்துல உள்ள போனவங்களை யாராச்சும் என்ன கேஸுன்னா கேட்டோம்?"

மறுநாள் கம்பம் நட்டார்கள். தங்கவேலு மண்ணைக் குழியில் போட்டபோது கை தட்டினார்கள். ராமேஸ்வரத்து மணலுக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். "எங்க அண்ணன் மறியல்ல இருந்தான். இது அங்க உள்ள இருந்து எடுத்த மண்ணுதான்" என்றேன். அதற்கும் தட்டினார்கள்.

அம்மா அங்கே வரவில்லை. வெங்காயக் கொட்டகைக்குப் போனேன். அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லாம் கம்பம் பார்க்கப் போயிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஜெயிலாமே" என்றாள் அம்மா.

"யாரு சொன்னா?"

"சிலோன்ல இருந்து வந்த பொம்பளை ஒருத்தி இங்க வேலைக்கு வரா. மறியல்னேன், என்னாக்கா திருடுனான்னா. நீ ரயில் ஏறுன மறுநாளே தெரியும்."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா கம்பம் நட மாட்டாங்க. எப்படியோ அவன் பேரு நாலு பேரு வாயில வருது, வந்துட்டுப் போவட்டும்." கை நிற்கவில்லை. "என்னா திருடுனான்?"

"ஒண்ணும் திருடலம்மா. போனான், இருந்தான், பேப்பர் இல்ல. அவ்வளவுதான்."

அவள் அதை நம்பியது அவள் தோளில் தெரிந்தது. நான் மற்றதையும் சொன்னேன். கப்பலுக்குக் காத்திருந்ததை, காவலாளியின் தொப்பியை, ராமேஸ்வரத்தில் மண்ணைக் கொட்டி அள்ளியதை. மண் விஷயத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"கீழ விழுந்துட்டா அந்த ஊரு மண்ணா ஆயிடுமாமா?"

"அப்படித்தான் சொன்னாரு அந்த சார்."

"இவன் அங்க விழுந்தானே. இவனை அவங்க ஆளாச் சேத்துக்கிட்டாங்களா?"

நான் கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன். "பேரு தெரியலம்மா அவங்களுக்கு. ஆனா வெங்காயக்காரன்னு இன்னும் சொல்றாங்க. அழாம உரிப்பானாம். வேடிக்கை பாக்கக் கூட்டம் வருமாம்."

அம்மா முதல் தடவையாகக் கையை நிறுத்தினாள்.

"அழாமயா? செல்வராசா?" என்றாள். "அவனுக்கு ஒரு வெங்காயத்துக்கே ஊத்தும். தலையைத் திருப்பித் தோள்ல தொடைச்சுக்குவான். பாக்கிறவனுக்குத் தெரியாது."

நான் போட்டிருந்த அண்ணன் சட்டையின் தோளைப் பார்த்தேன். அம்மா அடுத்த கொத்தை எடுத்தாள்.